தோள் பெருத்தது... வேகம் குறைந்தது! தம்பியின் நீச்சலும் எங்கள் வீட்டு ஸ்டாப் வாட்ச்சும்

ஒரு நிமிஷம் இரண்டு செகண்டு. போன தீபாவளியிலிருந்து எங்கள் வீட்டில் அதிகம் அடிபட்ட வார்த்தைகள் இவைதான். சிலிண்டர் விலை, கரன்ட் பில், என் கல்யாணப் பேச்சு எல்லாம் இதற்கு அடுத்த இடத்துக்குப் போய்விட்டன. (கடைசி விஷயத்தில் எனக்கு வருத்தமில்லை.)

தம்பி 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்த எடுத்துக்கொள்ளும் நேரம் அது. பிளஸ் டூ படிக்கிறான். ஒரு நிமிஷத்துக்குள் வந்துவிட்டால், அடுத்த போட்டியில் மெடல் பக்கம் போகலாம், காலேஜில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மனு போடலாம் என்பது அவன் கணக்கு. அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆக, அந்த இரண்டு செகண்டு, ரூபாய்க் கணக்கும்தான்.

எங்களுக்கு ஊர் தவளக்குப்பம். புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம், சுண்ணாம்பாறு பாலம் எல்லாம் தாண்டி வர வேண்டும். அம்மா பிறந்தது பக்கத்தில் கடலோரத்தில் இருக்கும் நல்லவாடு. கடலோரத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் தானாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அம்மாவுக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. அவர் வயதுப் பெண்களில் பலருக்கும் தெரியாது. ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் கரையில் மீனை வாங்கி விற்பார்கள், அவ்வளவுதான்.

2004 சுனாமி அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் செய்தி கேட்டு ஊருக்கு போன் செய்தார். ஊரில் இருந்த கிராமத் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது. ஊரே கரையை விட்டு ஓடித் தப்பியது. வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் பிழைத்தன. அந்த ஓட்டத்தில் அம்மாவும் இருந்தார், அவர் இடுப்பில் நானும். 'என் பிள்ளைங்க ரெண்டும் நீச்சல் கத்துக்கணும்' என்று அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். சுனாமி அலைக்கு முன்னால் நீச்சல் எந்த அளவுக்கு உதவும் என்பது வேறு விஷயம். அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் யாருக்கும் தைரியமில்லை.

நான் மூழ்காமல் இருக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டேன். சுனாமிக்குப் பிறகு பிறந்த தம்பி, நீச்சல்காரனாகவே ஆகிவிட்டான்.

வாரத்தில் ஆறு நாள், விடிவதற்கு முன் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லில் கிளம்பி புதுச்சேரியில் ஒரு 25 மீட்டர் குளத்துக்குப் போவான். போன வருடம் ஒரு போட்டியில் கடைசி 15 மீட்டரில் பக்கத்து லேன் பையன் இவனைத் தாண்டிப் போனான். அந்தப் பையனின் தோள்களைப் பார்த்துவிட்டு வந்தவன், மறுநாளே ஊரில் ஒரு ஜிம்மில் சேர்ந்தான்.

மூன்று மாதம். பெஞ்ச் பிரஸ் 30 கிலோவிலிருந்து 55 கிலோவுக்குப் போனது. யூனிஃபார்ம் சட்டை தோளில் இறுக்கிப் பிடித்தது. கண்ணாடி முன் நிற்கும் நேரம் கூடியது. குளத்தில் மட்டும், 1:02 என்றிருந்த நேரம் 1:04 ஆனது. கூடவே வலது தோளில் ஒரு வலி. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது சுருக்கென்று குத்தும். ஒருநாள் ராத்திரி தட்டில் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "பரீட்சை வருதுல்லக்கா... நீச்சலை விட்டுடலாம்னு பார்க்குறேன்" என்றான். பரீட்சையைப் பற்றி அவன் அதற்கு முன் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. நீச்சல் மாஸ்டர், "ஜிம்மை நிறுத்துடா, தண்ணியில இருந்தாப் போதும்" என்றார். ஜிம் டிரெய்னர், "இன்னும் வெயிட் ஏத்துனாத்தான் தெரியும்" என்றார். அப்பா, "ரெண்டு பேருக்கும் ஃபீஸ் நாமதான் குடுக்குறோம், ஒரே பதிலா சொல்லச் சொல்லு" என்றார். அம்மாவுக்கு வேறு கவலை: "இந்த வயசுல வெயிட் தூக்குனா உசரம் நின்னுடுமாமே?"

நல்லவாட்டிலிருந்து வந்திருந்த மாமா மட்டும் சிரித்தார். ஃபைபர் போட் வருவதற்கு முன் கட்டுமரத்தில் துடுப்புப் போட்டவர். "கையில பலம் இருந்தா மட்டும் மரம் போவாதுடா. துடுப்பு தண்ணியப் புடிக்கணும். புடிக்கலைன்னா நீ தண்ணிய வழிச்சுத்தான் விடுவ."

அந்த வார வேலை முடிந்ததும் இதை ஒரு ஸ்டோரியாக எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் உடற்பயிற்சி பற்றி வாரத்துக்கு ஒரு கட்டுரையாவது வந்துவிடும். 'முப்பதே நாளில் ஸ்விம்மர் பாடி' ரகமெல்லாம் எனக்குப் பழக்கம். எனக்கு வேண்டியிருந்தது அதுவல்ல. தசை கூடினால் ஃப்ரீஸ்டைல் கை வீச்சுக்கு என்ன ஆகிறது?

முதலில் அம்மாவின் பயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது. வெயிட் பயிற்சி செய்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 5 முதல் 17 வயது வரையானவர்கள் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பே சொல்கிறது. விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், முறை சரியாக வந்த பிறகுதான் எடையைக் கூட்ட வேண்டும். அம்மா இதை முழுசாக நம்பவில்லை. ஆனாலும் தினமும் கதவு நிலையில் பென்சிலால் தம்பியின் உயரத்தைக் குறிப்பதை நிறுத்திவிட்டார்.

இப்போது தண்ணீருக்குள் போவோம். தண்ணீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தைக் கூட்டக் கூட்ட அது நம்மைத் தடுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அந்தத் தடையை மீறிப் போகத் தேவையான சக்தியோ, வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். பிளஸ் டூ கால்குலேட்டரில் தம்பியையே போடச் சொன்னேன். 62 செகண்டை 60 ஆக்க வேண்டும் என்றால் வேகம் மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கூடினால் போதும். அதற்கு உடம்பு கொடுக்க வேண்டிய சக்தியோ பத்து சதவீதம் கூட வேண்டும்.

"பத்துதானே, நான் பெஞ்ச்ல எம்பது பர்சென்ட் ஏத்திருக்கேன்" என்றான். கணக்கைத் திருப்பிப் போடச் சொன்னேன். அதே சக்தியோடு, தண்ணீர் தரும் தடையை ஏறத்தாழ ஒன்பது, பத்து சதவீதம் குறைத்தாலும் அதே 60 செகண்டு வரும். அப்படியானால், தசை பத்து சதவீதம் கூடுதல் சக்தி கொடுத்து, அதே தசையால் உடம்பின் கிடை கெட்டுத் தடையும் பத்து சதவீதம் கூடினால்? விடை பூஜ்யம். மூன்று மாத ஜிம் ஃபீஸும் பூஜ்யம். அவன் கால்குலேட்டரை மூடி வைத்தான்.

ஃப்ரீஸ்டைலில் உந்துவிசையின் பெரும்பகுதி கையிலிருந்துதான் வருகிறது. கால் உதைப்பு முக்கியம்தான், அதன் பெரிய வேலை உடம்பைக் கிடையாக வைத்திருப்பது. கையோ, தோளுக்கு நேர் முன்னால் தண்ணீரில் இறங்கி, நீண்டு, பிறகு விரல்கள் தரையைப் பார்க்க, முழங்கை மட்டும் மேலேயே நிற்க வேண்டும். அப்போது உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரே துடுப்பாகி, பின்பக்கம் பார்த்து நிற்கும். தண்ணீரைப் 'பிடிப்பது' என்று மாமா சொன்னது இதைத்தான். கோச்கள் இதை 'கேட்ச்' என்கிறார்கள். முழங்கை முதலில் கீழே விழுந்துவிட்டால் கை தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளாது, கீழ்நோக்கி அமுக்கும். நெஞ்சு மேலே வரும், கால் கீழே போகும். மிதக்கும் கட்டையைப் போலக் கிடந்த உடம்பு, சாய்த்துப் பிடித்த பலகை மாதிரி ஆகிவிடும். பலம் கூடியவன் இன்னும் வேகமாக அமுக்குவான், கால் இன்னும் கீழே போகும்.

இதெல்லாம் படித்ததும் எனக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. மழை நாளில் ரிப்போர்ட்டிங் போகும்போது போனைப் போட்டு வைக்கும் வாட்டர்ப்ரூஃப் கவர் என்னிடம் உண்டு. அதில் போனைப் போட்டு, செல்ஃபி ஸ்டிக்கில் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை குளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்து, தண்ணீருக்கடியில் ஸ்லோ மோஷன் எடுத்தேன். குளத்துக்கு வந்திருந்த ஒரு பாட்டி, "அந்தப் பொண்ணு எதையோ தொலைச்சிட்டுத் தேடுது பாவம்" என்று பேத்தியிடம் சொன்னது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது.

வீடியோவில் கைகள் தெரிந்தன. தோளுக்கு நேராக இறங்க வேண்டிய வலது கை, நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கம் போய் இறங்கியது. இறங்கிய கையின் முழங்கை உடனே சரிந்தது. பிறகு பெஞ்ச் பிரஸ் செய்வது போலவே, நெஞ்சின் பலத்தால் ஒரு அமுக்கு. நுரைக் குமிழ்கள் கையோடு சேர்ந்து கொத்துக்கொத்தாய் வந்தன. கால்கள் தண்ணீருக்கடியில் ஒரு முழம் ஆழத்தில் இழுபட்டு வந்தன. போன வருடம் மாஸ்டர் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய வீடியோவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் வேறு வேறு ஆள் நீந்துவது போலிருந்தது. தம்பி எதுவும் பேசவில்லை, நாலு முறை பார்த்தான்.

வீச்சுகளையும் எண்ணினோம். சுவரைத் தள்ளிக்கொண்டு முதல் ஐந்து மீட்டர் சறுக்கலில் போய்விடும். மீதி 20 மீட்டரைக் கடக்க முன்பு 16 வீச்சு, இப்போது 19. அதாவது ஒரு வீச்சுக்கு 1.25 மீட்டர் போனவன், இப்போது 1.05 மீட்டர்தான் போகிறான். நீச்சலின் வேகம் என்பது வீச்சின் நீளத்தை வீச்சின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது. நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் போக முன்பு நிமிஷத்துக்கு 77 வீச்சு போதும், இப்போது 91 வேண்டும். தசை பெருத்தவனுக்கும் கடைசி 25 மீட்டரில் மூச்சு வாங்குவது ஏன் என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிட்டது.

ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைப் பல வருடங்களாகவே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். 1993-ல் அமெரிக்காவில் ஹிரோஃபுமி டனாகா, டேவிட் காஸ்டில் குழுவினர் 24 நீச்சல் வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி நீச்சல் மட்டும். மறு பாதி நீச்சலோடு வாரம் மூன்று நாள், எட்டு வாரம் எடைப் பயிற்சி. அவர்கள் தூக்கிய எடை 25 முதல் 35 சதவீதம் வரை கூடியது. நீச்சல் நேரத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. தரையில் சேர்த்த பலம் தண்ணீருக்குள் இறங்கவில்லை! இதைத் தம்பியிடம் காட்டியபோது மாஸ்டர்தான் ஜெயித்தார் என்று நினைத்தேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதற்கு முன்பே, 1990-ல் நெதர்லாந்தில் ஹூப் டூசான் என்ற ஆய்வாளர், தண்ணீருக்குள் வரிசையாக அமைந்த பலகைகளைக் கையால் தள்ளி முன்னேறும் ஒரு கருவியில் பத்து வாரம் பயிற்சி கொடுத்தார். தண்ணீரைப் போல அந்தப் பலகை கைக்கு நழுவாது, முழு பலத்தையும் அதில் காட்டலாம். அந்தக் குழுவின் 50, 100, 200 மீட்டர் நேரங்கள் முன்னேறின. நீந்தும் அசைவிலேயே எதிர்ப்பைக் கொடுத்ததுதான் விஷயம். 2007-ல் பிரான்ஸில் ஜிரோல்டு குழு 21 பேரை வைத்து 12 வாரம் ஓர் ஆய்வு செய்தது. தரையில் எடைப் பயிற்சி செய்தவர்கள், தண்ணீரில் ரப்பர் கயிற்றின் எதிர்ப்போடும் இழுப்போடும் வேகமாக நீந்தியவர்கள், இந்த இரண்டு குழுவுமே 50 மீட்டரில் முன்னேறினார்கள். இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. (எங்கள் ஊரில் எதற்குமே ஒரு பிரெஞ்சுக் கனெக்‌ஷன் வந்துவிடும்.)

ஆக, ஜிம் கெட்டதும் இல்லை, மந்திரமும் இல்லை. எந்தத் தசை, எந்த அசைவில், எவ்வளவு என்பதுதான் கேள்வி. வெகு காலம் கோச்கள் எடைப் பயிற்சியைக் கண்டு பயந்தார்கள், உடம்பு விறைத்துவிடும் என்று. அந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். விறைப்பு வருவது எடையால் இல்லை, ஒரே பக்கத்துத் தசைக்கு மட்டும் எடை கொடுப்பதால்.

இதை எனக்குப் புரியவைத்தவர் நாங்கள் தோள் வலிக்காகப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அக்கா. தம்பியைத் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தரையோடு ஒட்டி வைத்து, இரண்டு கையையும் நேராகத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் கட்டை விரலால் தரையைத் தொடச் சொன்னார். தொட முடியவில்லை. கை ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. தொட்டே தீருவேன் என்று முயன்றபோது இடுப்பு தரையிலிருந்து கிளம்பியது. "மார்புத் தசையும் முதுகோர இறக்கைத் தசையும் இறுகிக் கிடக்கு. தோள்பட்டை எலும்பைப் பிடிச்சு நிறுத்துற சின்னத் தசைங்க சோம்பேறியா இருக்கு. கையைத் தூக்க இடமே இல்லாதப்போ, முழங்கையை எப்படி மேல வைப்பான்?" என்றார்.

நீங்களும் இப்போதே பாயில் படுத்து இதைச் செய்து பார்க்கலாம். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்காருபவர்களுக்கு இது எளிதாக வராது. எனக்கு வரவில்லை, நான் பெஞ்ச் பிரஸ் பக்கமே போனதில்லை.

நீச்சல்காரர்களின் தோள் வலிக்குத் தனிப் பெயரே உண்டு, 'ஸ்விம்மர்ஸ் ஷோல்டர்'. தீவிரமாகப் பயிற்சி செய்யும் ஒருவர் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான முறை கையைச் சுழற்றுகிறார். ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் உரசினாலும் போதும். "மாத்திரை போட்டுக்கிட்டு நீந்துறதா இருந்தா என்கிட்ட வராதே" என்று கறாராகச் சொல்லிவிட்டார் அவர். மூன்று வாரம் வேகமாக நீந்தக் கூடாது, பெஞ்ச் பிரஸ் கூடவே கூடாது.

பிறகு அப்பா கேட்ட 'ஒரே பதில்' வந்தது. பிசியோ அக்காவே மாஸ்டரிடம் போனில் பேசினார். ஜிம் வாரத்துக்கு ஐந்து நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைந்தது. தள்ளும் பயிற்சிகளைக் குறைத்து இழுக்கும் பயிற்சிகளைக் கூட்டினார்கள். புல்-அப், படுத்துக்கொண்டு டம்பெல் இழுப்பது, வயிற்றுக்கு பிளாங்க். ரெசிஸ்டன்ஸ் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி, இடுப்பை மடக்கிக் குனிந்து, முழங்கையை மேலே நிறுத்திக்கொண்டு கேட்ச் அசைவை மட்டும் மெதுவாகச் செய்வது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது. கடைசிப் பயிற்சி பார்க்க ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். ஜிம்மில் கூட வந்த பசங்கள் சிரித்ததாகத் தம்பி சொன்னான். எல்லாவற்றையும்விடத் தோளைக் காப்பாற்றியது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தண்ணீரில் மாஸ்டரின் ராஜ்யம். அவர் தன் பழைய பையிலிருந்து ஏதேதோ எடுத்தார். மருத்துவமனையில் பயன்படுத்துவது போன்ற நீண்ட ரப்பர் டியூப் ஒன்று. ஒரு முனை குளத்தின் ஏணிக் கம்பியில், மறு முனை தம்பியின் இடுப்புப் பெல்ட்டில். டியூப் இழுபட இழுபட எதிர்ப்பு கூடும். முழங்கை சரிந்த கணத்தில் ஆள் அதே இடத்தில் நிற்பான், ஏன் பின்னாலேகூட வருவான். யாரும் திட்டவே வேண்டாம், டியூப்பே சொல்லிவிடும். ஆனால் பத்துப் பதினைந்து வீச்சுக்கு மேல் அவர் விடமாட்டார். அதிக நேரம் எதிர்ப்போடு நீந்தினால் வீச்சு குறுகும், கை தாளமும் மெதுவாகும், உடம்பு அந்தத் தப்பையே மனப்பாடம் செய்துகொள்ளும் என்பார். அதனால் ஒவ்வொரு முறை டியூப்பில் நீந்திய பிறகும், டியூப்பைக் கழற்றிவிட்டு ஒரு 25 மீட்டர் சாதாரணமாக, வீச்சை எண்ணிக்கொண்டே நீந்த வேண்டும். எண்ணிக்கை 17-ஐத் தாண்டினால் அன்றைய எதிர்ப்புப் பயிற்சி அத்தோடு முடிந்தது.

கையில் மாட்டும் பேடில் விஷயத்திலும் ஒரு தந்திரம். பெரிய பேடில் மாட்டினால் அதிகத் தண்ணீர் பிடிபடும், வேகமாகப் போவது போல ஆசையாக இருக்கும், தோளுக்குத்தான் கேடு. மாஸ்டர் உள்ளங்கையைவிடக் கொஞ்சமே பெரிய பேடிலைக் கொடுத்து, மணிக்கட்டு வாரை உருவிவிட்டார். விரல் வளையம் மட்டும்தான். கை கோணலாக இறங்கினால் பேடில் கழன்று மிதக்கும். முதல் நாள் பேடில் பொறுக்குவதே என் தம்பிக்கு வேலையாக இருந்தது. இன்னொரு பயிற்சி, விரல்களை மூடி முஷ்டியாக நீந்துவது. உள்ளங்கை இல்லாததால் முன்கையால் தண்ணீரைப் பிடித்தே ஆக வேண்டும். ஐம்பது மீட்டர் அப்படிப் போய்விட்டுக் கையைத் திறந்தால், உள்ளங்கை தாம்பாளம் மாதிரி பெரிசாகத் தெரியும் என்கிறான்.

வலியோடு வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று வாரமும் அவனுக்கு நான் சொன்ன ஒரே பெயர் சஜன் பிரகாஷ். கேரளாவில் பிறந்தவர், வளர்ந்ததும் நீச்சல் கற்றதும் நம் பக்கத்து நெய்வேலியில். அம்மா ஷாந்திமோள் முன்னாள் தடகள வீராங்கனை, நெய்வேலி என்.எல்.சி-யில் வேலை. சஜனுக்குக் கழுத்தில் டிஸ்க் பிரச்னை வந்து, நீச்சலே கேள்விக்குறியானது. சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சி என்று மெல்ல மெல்ல மேலேறி வந்தவர், 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38-ல் நீந்தி, ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரத்தைத் தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். "அவர் பட்டர்ஃப்ளைக்கா, நான் ஃப்ரீஸ்டைல்" என்றான் தம்பி. தோளும் கழுத்தும் எல்லா ஸ்டைலுக்கும் ஒன்றுதானே என்றேன்.

அவனும் விடவில்லை, பதிலுக்கு ஒரு பெயரைக் கொண்டுவந்தான். ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கெவாய். டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஒதுங்கியிருந்தவர், திரும்பி வந்தபோது நீச்சல் தூரத்தை வெகுவாகக் குறைத்துவிட்டு, பாறை ஏறுதல், புல்-அப், கனமான எடை என்று பலத்தின் பக்கம் போனார். 2023-ல் உலக சாம்பியன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 21.25 செகண்டில் தங்கம். "பாத்தியா, ஜிம்முதான்!" என்றான். பார்த்தேன். பலத்தைக் கூட்டும் முன்பே அவர் பல வருடங்கள் கை வீச்சைச் செதுக்கியவர், அவர் நீந்துவது 50 மீட்டர், படித்தது இயற்பியல். இந்த மூன்றையும் சொன்னேன். 17 வயதில் 19 வீச்சுப் போடுகிறவனுக்கு அந்த அட்டவணை பொருந்தாது.

தூரம் கூடினால் நியாயமும் மாறும். 1994-ல் சென்னையின் குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அவருக்கு 13 வயதுகூட முழுதாக ஆகவில்லை. அந்த ஒரே வருடத்தில் ஆறு கடல் கால்வாய்களைக் கடந்தார். ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு என்ன பெரிய தசை இருந்திருக்கும்? மணிக்கணக்கில் நீந்தும்போது, கை வீச்சு கலையாமல் இருப்பதுதான் பலம். 100 மீட்டர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தூரம். பலமும் வேண்டும், அந்தப் பலம் கடைசி 25 மீட்டரிலும் கலையக் கூடாது.

பத்து வாரம் ஓடிவிட்டது. தம்பியின் கட்டை விரல்கள் இப்போது தரையைத் தொடுகின்றன. வலி, குளிர்ந்த நாளில் மட்டும் லேசாக எட்டிப் பார்க்கிறது. வீச்சு 16-க்குத் திரும்பிவிட்டது, நல்ல நாளில் 15. மூன்று புல்-அப் எடுத்தவன் ஒன்பது எடுக்கிறான். பெஞ்ச் பிரஸ்ஸில் 55 போய் 40-க்கு வந்திருக்கிறது, அதில் அவனுக்கு இன்னமும் கொஞ்சம் துக்கம். போன சனிக்கிழமை மாஸ்டர் ஸ்டாப் வாட்ச்சை என் கையில் கொடுத்து 100 மீட்டருக்கு ஓடவிட்டார். 1:01.3. ஒரு நிமிஷத்துக்கு இன்னும் ஒன்றேகால் செகண்டுக்கு மேல் பாக்கி. 1922-ல் ஜானி வைஸ்முல்லர் முதன்முதலாக ஒரு நிமிஷத்தை உடைத்தபோது 58.6 செகண்டு. நூறு வருடம் முந்தைய உலக சாதனையே எங்கள் வீட்டுக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவன் முறைத்தான்.

போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம். அதில் கடைசி இரண்டு வாரம் பயிற்சியைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுக்கப்போவதாக மாஸ்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஓய்வில் கொஞ்சம் நேரம் குறையும் என்பது அவர் நம்பிக்கை. எவ்வளவு என்று கேட்டால் மழுப்புகிறார். நீச்சலை விடுவது பற்றி வீட்டில் இப்போது பேச்சில்லை. பரீட்சை பற்றியும் பேச்சில்லை, அது அம்மாவின் புதுக் கவலை.

நேற்று மாமா வந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வேப்ப மரக் கிளையில் ஒரு இரும்புக் குழாயைப் படகுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார், புல்-அப் எடுக்க. கட்டி முடித்ததும் தானே ஒருமுறை தொங்கிப் பார்த்தார். நாலு எடுத்தார். அம்மா துணி காயப்போட நல்ல இடம் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.